இயற்பியல் எடுத்தவர், கணக்கு வகுப்பில் உட்கார்ந்தவர்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி)

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற பெயரை நம்மில் நிறையப் பேர் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் படித்திருப்போம். இயற்பியலுக்கு நோபல் பரிசு, 1983. சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். குரூப் தேர்வுக்குப் படிக்கிற அக்காக்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அதோடு சரி. அவர் என்ன படித்தார், எந்த வகுப்பில் உட்கார்ந்தார், அதை யார் முடிவு பண்ணினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நண்பர்களே, எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. காரணம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுக்காரர்கள் எல்லார் வாயிலும் இப்போது ஒரே பேச்சுதான். டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போவதா, இல்லை லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வதா? சேர்ந்தால் நேராக இரண்டாம் ஆண்டு. ஒரு வருடம் மிச்சம் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த மிச்சமான வருடத்தில்தான் மற்றவர்கள் இரண்டு செமஸ்டர் கணக்கு படித்து முடித்திருக்கிறார்கள். நாம் போய்ப் பக்கத்து பெஞ்சில் உட்காரும்போது முதல் கணக்குப் பேப்பர் என்ன தெரியுமா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டுக்கும் மூன்றாவது செமஸ்டரில் ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ்’. தமிழில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. போன வருடம் போன சீனியர் அக்கா ஒருத்தங்க, முதல் இரண்டு வாரம் போர்டில் எழுதியதைப் படம் வரைவது மாதிரி காப்பி பண்ணினேன் என்று சொன்னாங்க.

ஆகவே அதற்கு முன்னால் எந்தக் கணக்கைப் படிப்பது, எதை விடுவது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை. சந்திரசேகருக்கும் இதே வயதில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. அதனால் அவர் வரலாறு.

அவர் பிறந்தது 1910-ம் ஆண்டு அக்டோபர் 19, லாகூரில். அப்பா சி. சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரி, அதனால்தான் லாகூர். அம்மா சீதாலட்சுமி. பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாவது, ஆண்களில் மூத்தவர். பன்னிரண்டு வயசு வரைக்கும் பெரும்பாலும் வீட்டிலேயே படிப்பு. தமிழ் அம்மா சொல்லிக்கொடுத்தார், ஆங்கிலமும் கணக்கும் அப்பா. அந்த அம்மா சாதாரணப்பட்டவர் இல்லை. இப்சன் என்ற நார்வே நாட்டு ஆசிரியரின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1920 ஏப்ரலில் ராமானுஜன் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னவரும் அந்த அம்மாதான். அப்போது சந்திரசேகருக்கு ஒன்பது வயது. ராமானுஜன் யார், என்ன செய்தார் என்றெல்லாம் புரிந்திருக்காது. ஆனால் கணக்கைக் கொண்டே ஒருவன் பெரிய ஆளாகலாம் என்பது அன்றைக்கு அவர் மனதில் விழுந்துவிட்டது.

பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. அங்கே அல்ஜீப்ராவும் ஜியோமிதியும் வந்ததும் பிடித்துக்கொண்டது. லீவு விட்டால் அடுத்த வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடுவார். இதை நான் சும்மா சொல்லவில்லை, பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

1925-ல் பதினைந்து வயதுகூட நிறையாமல் பிரசிடென்சி கல்லூரி, அதாவது மாநிலக் கல்லூரி. இரண்டு வருடம் இன்டர்மீடியட். 1927-ல் ஆனர்ஸ் எடுக்க வேண்டும். அவருக்குக் கணக்கு ஆனர்ஸ்தான் ஆசை. கண் முன்னால் ராமானுஜன். அப்பாவுக்கோ மகன் ஐ.சி.எஸ். எழுதிக் கலெக்டராக வேண்டும், அதற்கு இயற்பியல் ஆனர்ஸ்தான் நல்லது என்று எண்ணம். தம்பி ராமன் இயற்பியலில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த நேரம் வேறு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டில் ஒன்று, மனசில் ஒன்று என்ற நிலைமை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். என் அப்பா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். நெல் சீசனில் அவர் தோளைப் பார்த்தால் யாருக்கும் இன்னும் மூணு வருஷம் படிக்கிறேன்பா என்று சொல்ல வாய் வராது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சீக்கிரம் ஒரு சைட் வேலைக்குப் போனால் நல்லது என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. சந்திரசேகரின் அப்பா நினைத்ததும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

சந்திரசேகர் என்ன செய்தார் என்றால், அப்பா சொன்னபடி இயற்பியல் ஆனர்ஸில் பேர் கொடுத்தார். வகுப்புக்கு மட்டும் கணக்குத் துறைக்குப் போய் உட்கார்ந்தார். இயற்பியல் பேராசிரியர்களுக்கு இது தெரியும். பையன் பாடத்தில் எங்கேயோ முன்னால் போய்விட்டான் என்பதும் தெரியும். அதனால் விட்டுவிட்டார்கள். சர்டிபிகேட்டில் இயற்பியல், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு. சண்டை போட்டு வீட்டை விட்டு ஓடவும் இல்லை, ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போடவும் இல்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நோபல் பரிசு இல்லை, இதுதான்.

அடுத்த வருடமே அதற்குப் பலன் வந்தது. 1928-ல் ஜெர்மனியின் பெரிய இயற்பியல் பேராசிரியர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் பேசினார். அணுவைப் பற்றி அவர் எழுதிய தடியான புத்தகத்தைச் சந்திரசேகர் ஏற்கனவே தானாகப் படித்து முடித்திருந்தார். தைரியமாக அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். வயது அப்போது பதினெட்டுதான், இதை எழுதுகிற எனக்கு இருக்கிற வயது. சாமர்ஃபெல்ட் அவரிடம் பக்குவமாக ஒரு விஷயம் சொன்னார். அந்தப் புத்தகத்தில் இருக்கிற இயற்பியல் பழசாகிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் ஆகியோர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று. கஷ்டப்பட்டுப் படித்ததெல்லாம் பழசு என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்! ஆனால் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தான் எழுதி இன்னும் அச்சுக்கு வராத கட்டுரையின் புரூஃபைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் புரூஃபை வைத்துக்கொண்டு, சொல்லித்தர ஆள் இல்லாமல், சில மாதத்தில் சந்திரசேகர் சொந்தமாக ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார். அது 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. எப்படி முடிந்தது? மூளை என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது இயற்பியல் அவருக்குப் புதுசு, அதன் கணக்கு புதுசு இல்லை. ஷ்ரோடிங்கர் 1926-ல் எழுதிய சமன்பாடே ஒரு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்தான். இதைச் சொல்லித்தந்த சாமர்ஃபெல்ட்டும் 1940-களில் இயற்பியலில் வரும் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்களுக்கென்றே தனியாக ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார்.

சரி, அது என்னதான் என்று பார்த்துவிடுவோம். நம்ம ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ராஜகிரி அடிவாரத்துப் பாறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதம் மத்தியானம் அதன் மேல் கால் வைக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்குக் காற்று ஆறியிருக்கும், ஆனால் பாறையில் உட்கார்ந்தால் இன்னும் சூடு ஏறும். பகலில் வாங்கிய சூடு மெதுவாக உள்ளே இறங்குகிறது, ராத்திரியில் கொஞ்சம் திரும்பி வருகிறது. கருங்கல்லுக்குக் கணக்குப் போட்டால், ஓரடி ஆழத்தில் சூடு உச்சத்துக்கு வருவது மேல்பரப்பில் உச்சம் வந்து சுமார் ஆறு மணி நேரம் கழித்துத்தான். ஆக, சூடு எவ்வளவு என்று கேட்டால் இரண்டு கேள்வி திரும்ப வரும். எந்த ஆழத்தில்? எத்தனை மணிக்கு? இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களைப் பொறுத்து மாறும் ஒன்றை, ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணுவதுதான் பார்ஷியல். அந்த மாற்றங்களுக்குள் இருக்கிற உறவைச் சொல்லும் சமன்பாடுதான் நம்மைப் பயமுறுத்துகிற ஆள். சூட்டுக்கான சமன்பாட்டை ஆராய்ந்து ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1822-ல் புத்தகமே போட்டார். நாம் படிக்கப்போகிற பேப்பரில் பாதி அவர் பெயரில்தான் ஓடுகிறது.

இதைத் தீர்க்கிற வழியைப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஆழத்தையும் நேரத்தையும் முதலில் பிரித்துவிடுகிறார்கள். விடை என்பது ஆழத்துக்கான ஒரு சார்பையும் நேரத்துக்கான ஒரு சார்பையும் பெருக்கியது என்று வைத்துக்கொண்டால், ஒரு பார்ஷியல் சமன்பாடு இரண்டு சாதாரண டிஃபரன்ஷியல் சமன்பாடாக உடைகிறது. நேரத்துக்கு வருவது முதல் ஆர்டர். ஆழத்துக்கு வருவது இரண்டாம் ஆர்டர், மாறாத கெழுக்கள். இந்த இரண்டும் நாம் டிப்ளமோவில் போட்டதுதான்! ஆக்ஸிலரி ஈக்குவேஷன் எழுதி, ரூட் கண்டுபிடித்து, கற்பனை எண் வந்தால் சைன், காஸ் என்று எழுதுவோமே, அதேதான். அப்படிக் கிடைக்கிற சைன் விடைகளை எல்லாம் சேர்த்து ஆரம்பத்துச் சூட்டுக்குப் பொருத்துவதற்குத்தான் ஃபூரியர் தொடர். அந்தத் தொடரின் கெழுக்களைக் கண்டுபிடிக்க இன்டகிரேஷன் பை பார்ட்ஸ், நம்ம பெர்னோலி ஃபார்முலா.

ஆகவே என் கணிப்பு இது. முதலில் இன்டகிரேஷன் கை தயங்காமல் வர வேண்டும், முக்கியமாகப் பெர்னோலி. அது இல்லாமல் ஃபூரியர் தொடரில் ஒரு கணக்குகூட முடிவுக்கு வராது. இரண்டாவது சாதாரண டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், இதில் நேரம் எவ்வளவு போட்டாலும் தகும். நாம் படிக்காமல் விட்டது ஒன்று உண்டு. கொடுத்த எல்லைகளில் விடை பூஜ்யமாக வேண்டும் என்று நிபந்தனை போட்டால் எந்தெந்த எண்களுக்கு மட்டும் விடை நிற்கும் என்பது. முதல் ஆண்டு பி.இ. புத்தகத்தில் மேட்ரிக்ஸ் பாடத்தில் ஐகன் வேல்யூ என்று வருகிறதே, அதன் தம்பிதான் இது. அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடலாம். மூன்றாவது பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன், செயின் ரூலோடு. டபுள் இன்டகரல், வெக்டர் கால்குலஸ் இரண்டும் தெரிந்தால் சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்று புரியும், தெரியாவிட்டால் உடனே மூழ்கிவிட மாட்டோம். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், புள்ளியியல், முப்பரிமாண ஜியோமிதி எல்லாம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் மேட்ரிக்ஸிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அஸ்திவாரம் எதற்கு, ராமானுஜன் என்ன காலேஜ் படித்தா மேதையானார் என்று சிலர் கேட்பார்கள். ராமானுஜன் கும்பகோணத்தில் கார் என்பவர் தொகுத்த சூத்திரப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு மலை மலையாகக் கண்டுபிடித்தார், உண்மை. ஆனால் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனாலேயே பகா எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில தவறாகப் போயின. அவருக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்.

சந்திரசேகர் கதைக்கு வருவோம். 1930-ல் இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்து ஜூலை 31-ம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அம்மா அப்போதே நோயில் இருந்தார். போய் வா என்று தைரியம் சொன்னவர் அவர்தான். அடுத்த வருடம் மே மாதம் அவர் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். அந்தக் கப்பல் பயணத்தில்தான் அவர் பெயரை நிலைநிறுத்திய கணக்கு பிறந்தது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி வெண்குள்ளன் என்ற நிலைக்கு வந்து நிற்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இவர் அதற்குள் ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். நம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அது அப்படி நிற்க முடியாது என்று வந்தது. அப்போது அவருக்கு இருபது வயது நிறையவில்லை.

இந்தக் கணக்கு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் இல்லை என்பதைக் கவனியுங்கள். நட்சத்திரம் உருண்டை, அமைதியாக நிற்கிறது. மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. ஆகவே சாதாரண டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், அதுவும் இரண்டாம் ஆர்டர். 1939-ல் நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் பெரும்பாலும் இந்த வகையிலேயே நிற்கிறது.

நடுவில் ஒரு அடி விழுந்தது. கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் ஜெயித்தபோது நட்சத்திரங்கள் பற்றி எடிங்டன் எழுதிய புத்தகத்தைத்தான் அவர் பரிசாக வாங்கியிருந்தார். அதே எடிங்டன் 1935 ஜனவரி 11-ம் தேதி லண்டனில் வானியலாளர்கள் நிறைந்த சபையில் இவருடைய முடிவைக் கேலி செய்து பேசினார். பெரியவர் சொன்னதால் சபையும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சந்திரசேகர் கணக்கு சரிதான் என்று நிலைபெறப் பல வருடங்கள் ஆயின. இவர் அதே இடத்தில் நின்று மல்லுக்கட்டவில்லை. தெரிந்ததையெல்லாம் அந்த 1939 புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். எடிங்டனோடு நட்பும் கெடவில்லை.

1936 செப்டம்பரில் மாநிலக் கல்லூரியில் தனக்கு ஒரு வருடம் ஜூனியராக இயற்பியல் படித்த லலிதா துரைசாமியை மணந்தார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகம், கடைசி வரை அங்கேதான். அவர் இருந்தது யெர்க்ஸ் வானியல் ஆய்வகத்தில். அங்கிருந்து சிகாகோவுக்கு நம்ம ஊரிலிருந்து தாம்பரம் போகிற தூரம் இருக்கும். அந்தத் தூரம் கார் ஓட்டிப் போய் இரண்டே மாணவர்களுக்கு அவர் பாடம் எடுத்தார் என்றும், அந்த இரண்டு பேரும், லீ, யாங் என்ற சீனர்கள், 1957-ல் நோபல் வாங்கினார்கள் என்றும் சொல்வதுண்டு. அவருக்கு முன்னாலேயே அவருடைய வகுப்பு முழுவதும் நோபல் வாங்கிவிட்டது!

அவர் வேலை செய்த முறை ஒரு தினுசு. ஒரு துறையை எடுப்பார், ஐந்து முதல் பத்து வருடம் அதிலேயே கிடப்பார், முடிவில் ஒரு பெரிய புத்தகம் எழுதுவார், பிறகு அடுத்த துறைக்குப் புது மாணவனாகப் போய்விடுவார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளி ஊடுருவும் விதம் என்று போய், 1952-ல் இருந்து 1961 வரை திரவங்கள் நிலைகுலைவது எப்படி என்ற கேள்வியில் இருந்தார். இங்கேதான் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் முழு வேகத்தில் வருகிறது. அடுப்பில் உலை வைக்கிறோம். கீழே சூடு, மேலே குளிர்ச்சி. ஆரம்பத்தில் தண்ணீர் அசையாது, சூடு மட்டும் மேலே ஏறும். ஒரு கட்டத்தில் திடீரென்று தண்ணீரே சுழல ஆரம்பிக்கும். அந்தக் கட்டம் எது? மேலும் கீழும் திடமான தட்டு இருக்கிற மெல்லிய திரவப் படலமாக இருந்தால், ரேலே எண் என்று ஒன்று சுமார் 1708-ஐத் தாண்டும்போது. ரேலே இந்தப் பிரச்சனையைக் கணக்காக்கியது 1916-ல். சந்திரசேகர் அதோடு சுழற்சியையும் காந்தப் புலத்தையும் சேர்த்து, ஒவ்வொரு நிலைமையாகக் கணக்குப் போட்டு 1961-ல் புத்தகமாக்கினார். வழி என்னவோ நம் பாறைக் கணக்கில் பார்த்ததுதான். மாறிகளைப் பிரி, சாதாரண சமன்பாடாக்கு, எல்லை நிபந்தனை போடு, எந்த எண்ணுக்கு விடை நிற்கிறது என்று பார்.

ஐம்பது வயதைத் தாண்டி 1962 வாக்கில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைப் படிக்க ஆரம்பித்தார். நம் பக்கத்தில் ஐம்பது வயதில் பேரன் பேத்தி எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். 1976-ல், அறுபத்தைந்து வயதில், சுழலும் கருந்துளைக்குப் பக்கத்தில் எலக்ட்ரான் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் டிராக் சமன்பாட்டை மாறிகளாகப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது செமஸ்டரில் நாம் போடப்போகிற அதே செபரேஷன் ஆஃப் வேரியபிள்ஸ்! அளவுதான் வேறு. 1983-ல் வந்த அவருடைய கருந்துளைப் புத்தகத்தில் இடைநிலைப் படிகளை அச்சிட்டு மாளாது என்று, கையால் எழுதிய கணக்கு நோட்டுகளைச் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று வைத்துவிட்டார். ஸ்டெப் போடாவிட்டால் மார்க் குறைப்பார்கள் என்று நாம் முணுமுணுக்கிறோமே, அவர் ஸ்டெப்பை நூலகத்திலேயே சேர்த்தவர்.

அதே 1983-ல் நோபல் பரிசு. கப்பலில் போட்ட கணக்குக்கு ஐம்பத்து மூன்று வருடம் கழித்து. 1995-ல் நியூட்டனின் பிரின்சிபியாவைச் சாதாரண வாசகனுக்கு விளக்கும் புத்தகம் வந்தது. அந்த வருடமே ஆகஸ்ட் 21-ம் தேதி சிகாகோவில் காலமானார். 1999-ல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டில் புத்தகம் இருந்தது, படித்த அப்பா இருந்தார், இப்சனை மொழிபெயர்த்த அம்மா இருந்தார், சித்தப்பா சி.வி. ராமன். எங்கள் வீட்டில் இருக்கிற புத்தகம் ரேஷன் கார்டும் பேங்க் பாஸ்புக்கும்தான். அவரைப் போல வா என்று மேடையில் சொல்வது சுலபம். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு பழக்கம் மட்டும்தான். லீவில் அடுத்த வகுப்புக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்தது ஒன்று. சேர்ந்த படிப்பு எதுவாக இருந்தாலும் தேவையான வகுப்பில் போய் உட்கார்ந்தது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பணம் வேண்டாம். அப்பாவிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். கேம்பஸில் வேலை கிடைத்தால் போகிறேன், அதற்காகக் கணக்கை நிறுத்த மாட்டேன். பி.இ. சீட் கிடைத்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கமிட்டியிலிருந்து வரும்போது, ஒரு பக்கம் அச்சான பழைய தாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பின்பக்கம் கணக்குப் போட.

முதல் வருடக் கணக்கு எடுக்கும் மேடத்திடம் கேட்டதற்கு, ஓய்வு பீரியடில் அவங்க ஜூனியர் வகுப்பில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் நடத்தும்போது கடைசி பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லிவிட்டாங்க. பொங்கல் வரைக்கும் இன்டகிரேஷன், மாசி முடிவதற்குள் சாதாரண சமன்பாடுகள், செமஸ்டர் லீவில் ஃபூரியர் தொடர் என்று வைத்திருக்கிறேன். தனியாகப் போட்டால் தப்பு எங்கே என்று தெரிவதில்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் யாருக்காவது விருப்பம் இருந்தால், மதியம் சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்கு வரலாம், ஜன்னல் ஓர மேஜை. பெர்னோலி ஃபார்முலா தெரியாதவர்களும் வரலாம், அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.